எந்தச் சீனா, யாருடைய அங்கீகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவான் ஜலசந்தியில் போர்க்கப்பல் நகர்ந்தாலும் சரி, ஏதோ ஒரு பசிபிக் தீவு நாடு தைவான் தலைநகர் தைபேயில் உள்ள தன் தூதரகத்தை மூடினாலும் சரி, ‘ஒரே சீனா கொள்கை’ என்ற சொல் செய்திகளில் வந்துவிடும். சீனா ஒன்றுதான், அதன் பெயரில் பேசும் அரசும் ஒன்றுதான் என்பது அதன் சாரம். அதையொட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே நாட்டின் பெயருக்கு இரண்டு அரசுகள் உரிமை கோரியதில் தொடங்கிய வழக்கு இது. அதை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் குழம்பும்.

‘சீனா’ என்ற பெயருக்கு இரண்டு அரசுகள் எப்படி வந்தன?

1911 அக்டோபர் 10 அன்று வூசாங் நகரில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1912 ஜனவரி 1 அன்று நான்ஜிங்கில் சீனக் குடியரசு பிறந்தது. சுன் யாட்சென் அதன் தற்காலிக ஜனாதிபதி ஆனார். அடுத்த மாதமே சிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர், ஆறு வயதுச் சிறுவன் பூயி, அரியணை துறந்தார். இந்தக் குடியரசுக்கும் அங்கீகாரம் உடனே கிடைத்துவிடவில்லை. அமெரிக்கா 1913 மே மாதம் அங்கீகரித்தது. பிரிட்டனும் ஜப்பானும் அந்த வருட அக்டோபர் வரை, யுவான் ஷிகாய் ஜனாதிபதியாகத் தேர்வாகி, பழைய ஒப்பந்தங்களை மதிப்பதாகச் சொல்லும்வரை காத்திருந்தன. அங்கீகாரத்துக்கு விலை பேசுவது அப்போதே தொடங்கிவிட்டது.

பிறகு படைத்தலைவர்களின் காலம், ஜப்பானியப் படையெடுப்பு, குடியரசை ஆண்ட குவோமின்டாங் கட்சிக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் உள்நாட்டுப் போர். 1945-ல் ஐ.நா. சாசனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட நாடு இந்தச் சீனக் குடியரசுதான். பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தர இடமும் அதற்குக் கிடைத்தது. நான்கே வருடத்தில் கதை மாறியது. 1949 அக்டோபர் 1 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ பெய்ஜிங்கில் மக்கள் சீனக் குடியரசைப் பிரகடனம் செய்தார். டிசம்பரில் சியாங் கை ஷேக்கின் குவோமின்டாங் அரசு தைவான் தீவிலுள்ள தைபேக்குப் போய்ச் சேர்ந்தது. போனாலும், ‘முழுச் சீனாவுக்கும் நாங்கள்தான் அரசு’ என்ற கோரிக்கையை அது விடவில்லை. பெய்ஜிங்கும் அதையேதான் சொன்னது. (இனி ‘பெய்ஜிங்’, ‘தைபே’ என்று வந்தால் இந்த இரண்டு அரசுகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

நாட்டை அங்கீகரிப்பதும் அரசை அங்கீகரிப்பதும் ஒன்றுதானே?

இல்லை. 1971-ல் வங்கதேசம் பிறந்தது. அதை ஏற்பது புதிய நாட்டை அங்கீகரிப்பது. சீனா விஷயத்தில் நாடு ஏற்கெனவே இருந்தது. அதன் பெயரில் பேசும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. ஊரில் ஒரு கோயிலுக்கு இரண்டு பேர் ‘நான்தான் தர்மகர்த்தா’ என்று வந்து நின்றால், சாவியை ஒருவரிடம்தான் கொடுக்க முடியும். கோயில் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் பெரும்பாலான கூட்டறிக்கைகளில் ‘சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசு’ என்ற தொடர் வருகிறது. ‘ஒரே’ என்பதற்குத்தான் அதில் எடை அதிகம்.

1949-ல் யார் முதலில் அங்கீகரித்தார்கள்? இந்தியா எப்போது?

முதலில் சோவியத் யூனியன், அக்டோபர் 2 அன்றே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வருடத் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் படைகள் நான்ஜிங்கை நெருங்கியபோது, குவோமின்டாங் அரசோடு குவாங்சோவுக்கு இடம்பெயர்ந்த தூதர் சோவியத் தூதர் ரோஷ்சின்தான். அமெரிக்கத் தூதரும் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரும் நான்ஜிங்கிலேயே தங்கிவிட்டார்கள். சில மாதங்களில் அதே ரோஷ்சின் மாவோ அரசுக்கு முதல் சோவியத் தூதர்!

கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் பர்மா முந்திக்கொண்டது. இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று அங்கீகரித்தது. தூதரக உறவு 1950 ஏப்ரல் 1 முதல். சியாங்கின் அரசிடம் தூதராக இருந்த பணிக்கர் இப்போது பெய்ஜிங்குக்குத் தூதராகப் போனார். 1962 போருக்குப் பிறகும் ஐ.நா. இடம் பெய்ஜிங்குக்கே சேர வேண்டும் என்ற நிலையை இந்தியா மாற்றிக்கொள்ளவில்லை. போர் தொடுத்த நாட்டுக்காக ஏன் இப்படி என்று அன்றைக்கே உள்நாட்டில் விமர்சனம் இருந்தது. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. ஓர் அரசு நாட்டை ஆள்கிறதா என்பது ஒரு கேள்வி, நம்மோடு நட்பாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இலங்கை?

1950 ஜனவரியிலேயே அங்கீகரித்துவிட்டது. ஆனால் தூதரகம் திறந்தது 1957-ல்தான். இடைப்பட்ட காலத்தில்தான், இலங்கை ரப்பர் தர சீனா அரிசி தரும் புகழ்பெற்ற ரப்பர்–அரிசி ஒப்பந்தம் வந்தது. கொரியப் போரை ஒட்டி 1951 மே மாதம் ஐ.நா. பொதுச் சபை, சீனாவுக்குப் போர்த்தளவாடப் பொருள்கள் அனுப்பத் தடை கேட்டது. ரப்பரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு, ரப்பர் விலையோ சரிவு. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பெய்ஜிங் போனார், 1952 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா கோபப்பட்டது. தூதர்கள் பரிமாறிக்கொள்ளாமலே இரண்டு நாடுகள் எவ்வளவு தூரம் வியாபாரம் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அந்தக் காலத்தில் இல்லை.

பிரிட்டனும் 1950-ல் அங்கீகரித்ததே. பிறகு ஏன் 1972 வரை முழுத் தூதர் இல்லை?

ஹாங்காங் கையில் இருந்ததால் பிரிட்டன் அவசரப்பட்டு அங்கீகரித்தது. ஆனால் தைவானில் தம்சூய் என்ற இடத்தில் ஒரு துணைத் தூதரகத்தையும் வைத்துக்கொண்டது. அது தைவான் மாகாண அரசோடு மட்டும்தான் பேசுகிறது என்றது. பெய்ஜிங் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. தம்சூய் அலுவலகத்தை மூடிய பிறகுதான், 1972 மார்ச்சில், உறவு தூதர் நிலைக்கு உயர்ந்தது.

22 வருடம் ஐ.நா.வில் தைபே எப்படித் தாக்குப்பிடித்தது? 1971-ல் என்ன நடந்தது?

சுருக்கமான பதில்: அமெரிக்கா. விரிவான பதில் இன்னும் சுவாரசியம்.

1950 ஜனவரியில், சியாங்கின் பிரதிநிதியை வெளியேற்ற மறுத்ததைக் கண்டித்து சோவியத் யூனியன் பாதுகாப்பு மன்றத்தைப் புறக்கணித்தது. ஜூன் மாதம் கொரியப் போர் வெடித்தபோது அந்த நாற்காலி காலி. வீட்டோ போட ஆள் இல்லாததால்தான் தென் கொரியாவுக்கு உதவும் தீர்மானங்கள் நிறைவேறின. சீன இடத்துக்காக நடத்திய புறக்கணிப்பு, கடைசியில் சீனப் படையும் அமெரிக்கப் படையும் நேருக்கு நேர் மோதிய போருக்கு வழிவிட்டது. அந்தப் போர் பெய்ஜிங்கின் ஐ.நா. வாய்ப்பை இருபது வருடம் தள்ளிப்போட்டது.

1950கள் முழுக்க, ‘இந்தக் கேள்வியை இந்த வருடம் விவாதிக்க வேண்டாம்’ என்று தள்ளிவைப்பதே அமெரிக்க உத்தி. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலையாகி உள்ளே வரவர அந்த ஓட்டுக் குறைந்தது. 1961-ல் புது வழி கண்டுபிடித்தார்கள்: சீனப் பிரதிநிதித்துவம் ஒரு ‘முக்கியப் பிரச்சினை’, அதனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று ஒரு தீர்மானம். தைபேயும் சும்மா இருக்கவில்லை. நெல் சாகுபடி சொல்லித்தரும் குழுக்களை ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பி ஆதரவு திரட்டியது.

1970-ல் பெய்ஜிங் ஆதரவுத் தீர்மானத்துக்கு முதல்முறையாகப் பெரும்பான்மை கிடைத்தது: 51க்கு 49. மூன்றில் இரண்டு பங்கு இல்லாததால் தோற்றது. அடுத்த வருடம், 1971 அக்டோபர் 25 இரவு, ‘முக்கியப் பிரச்சினை’ தீர்மானமே 55க்கு 59 என்று தோற்றுவிட்டது. அதோடு முடிந்தது. தைபே வெளியுறவு அமைச்சர் சௌ ஷூ-காய் தன் குழுவோடு அவையிலிருந்து வெளியேறினார். அல்பேனியா உள்ளிட்ட நாடுகள் கொண்டுவந்த தீர்மானம், எண் 2758, ஆதரவு 76, எதிர்ப்பு 35, நடுநிலை 17 என்று நிறைவேறியது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் ஆதரித்தன. அமெரிக்காவின் ஐ.நா. தூதராக இருந்து தைபேக்காக ஓட்டுக் கேட்டு அலைந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ். அவர் நியூயார்க்கில் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பெய்ஜிங்கில் நிக்சன் பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். எந்த நாடு புஷ்ஷை நம்பி ஓட்டுப் போடும்?

2758ஆம் தீர்மானம் ‘தைவான் சீனாவின் பகுதி’ என்று சொல்கிறதா?

அந்தத் தீர்மானத்தில் ‘தைவான்’ என்ற பெயரே கிடையாது. மக்கள் சீனக் குடியரசின் பிரதிநிதிகளே ஐ.நா.வில் சீனாவின் சட்டபூர்வப் பிரதிநிதிகள் என்றும், ‘சியாங் கை ஷேக்கின் பிரதிநிதிகளை’ வெளியேற்ற வேண்டும் என்றும் மட்டும் சொல்கிறது. பெய்ஜிங் இதிலேயே தைவானின் நிலையும் முடிவாகிவிட்டது என்கிறது. அமெரிக்காவும் தைபேயும் இல்லை என்கின்றன. எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வாதம்தான் வலுவானது. நடைமுறையில் ஐ.நா. செயலகம் பெய்ஜிங்கின் விளக்கத்தை ஒட்டியே நடக்கிறது. தைவான் கடவுச்சீட்டைக் காட்டி நியூயார்க் தலைமையகத்தைச் சுற்றிப் பார்க்கக்கூட விடுவதில்லை.

இன்னொரு விசித்திரம்: ஐ.நா. சாசனத்தின் 23ஆம் பிரிவில் நிரந்தர உறுப்பினர் பெயர் இன்றும் ‘சீனக் குடியரசு’ என்றே இருக்கிறது. யாரும் திருத்தவில்லை.

ஜப்பான் தைவானை யாரிடம் ஒப்படைத்தது?

1895-ல் சிங் அரசிடமிருந்து பெற்ற தைவானை ஜப்பான் 50 வருடம் ஆண்டது. அது சீனக் குடியரசுக்குத் திரும்ப வேண்டும் என்று 1943 கெய்ரோ பிரகடனம் சொன்னது. 1945-ல் சியாங்கின் படைகள் நிர்வாகத்தை ஏற்றன. ஆனால் 1951 சான் ஃபிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தில் ஜப்பான் தைவான் மீதான உரிமையைத் ‘துறக்கிறது’ என்று மட்டும்தான் இருக்கிறது. யாருக்கு என்று இல்லை. காரணம் எளிது: பிரிட்டன் ஒரு சீனாவை அங்கீகரித்திருந்தது, அமெரிக்கா இன்னொன்றை. இரண்டு சீனாவையும் மாநாட்டுக்கு அழைக்கவில்லை. (இந்தியா போக மறுத்துவிட்டது. இலங்கை சார்பில் ஜே.ஆர். ஜெயவர்தன அங்கே ஜப்பானுக்காகப் பேசிய பேச்சு இன்றும் ஜப்பானில் நினைவுகூரப்படுகிறது.) தைவானின் சட்ட நிலை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்ற வாதம் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறந்தது.

அமெரிக்கா பெய்ஜிங்கை ஏற்றுக்கொண்டதா, தைவான் சீனாவுடையது என்றும் ஏற்றுக்கொண்டதா?

முதலாவது ஆம், 1979 ஜனவரி 1 முதல். இரண்டாவது விஷயத்தில் அமெரிக்கா மிகக் கவனமாக எழுதியிருக்கிறது. தைவான் சீனாவின் பகுதி என்ற சீன நிலைப்பாட்டை ‘அறிந்திருக்கிறோம்’ என்ற அளவில்தான் நின்றது. கனடா 1970-ல் அந்த நிலைப்பாட்டை ‘கவனத்தில் கொள்கிறது’ என்று எழுதிய சூத்திரத்தைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. ஜப்பான் 1972-ல் ‘முழுமையாகப் புரிந்துகொண்டு மதிக்கிறது’ என்றது. ‘ஒரே சீனா கொள்கை’ என்று எல்லோரும் சொன்னாலும் எல்லோரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திடவில்லை.

அப்புறம், 1979 ஏப்ரலில் அமெரிக்கா தைவான் உறவுச் சட்டம் கொண்டுவந்தது. தற்காப்புக்கு ஆயுதம் விற்கலாம், அமெரிக்கச் சட்டங்களில் ‘வெளிநாடு’ என்று வரும் இடங்களில் தைவானையும் சேர்த்துக்கொள்ளலாம். தூதரகத்துக்குப் பதில் ‘தைவானில் உள்ள அமெரிக்க நிறுவனம்’. விசா கொடுப்பது, அரசியல் பேசுவது எல்லாம் அங்கேதான். பலகையில் தூதரகம் என்று மட்டும் இருக்காது.

இரண்டையும் சேர்த்து அங்கீகரித்தால் என்ன? ஜெர்மனிக்கு அப்படித்தானே நடந்தது?

இரண்டு ஜெர்மனிகளும் 1973-ல் ஐ.நா.வில் சேர்ந்தன, இரண்டு கொரியாக்களும் 1991-ல். சீனாவுக்கு நடக்காததற்குக் காரணம் இரு தரப்பும்தான். 1964 ஜனவரியில் பிரான்ஸ் பெய்ஜிங்கை அங்கீகரித்தபோது தைபேயோடு உறவை உடனே முறிக்கவில்லை. சில வாரங்களில் தைபே தானே முறித்துக்கொண்டது. 1971-லும் இரட்டைப் பிரதிநிதித்துவம், அதாவது இரண்டு அரசுகளுக்கும் ஐ.நா.வில் இடம், என்ற அமெரிக்க யோசனை மிகத் தாமதமாக வந்தது. சியாங் முன்பே இறங்கி வந்திருந்தால் தைவானுக்கு இன்று ஒரு சாதாரண உறுப்பினர் இடமாவது இருந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். பெய்ஜிங் அதை ஏற்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது நிலைமை வேறு. 1990களிலிருந்து தைபே சீனப் பெருநிலத்துக்கு உரிமை கோருவதை நடைமுறையில் விட்டுவிட்டது. இரட்டை அங்கீகாரம் வந்தால் தயங்காமல் ஏற்கும். பெய்ஜிங் ஏற்காது.

இன்று தைபேயை அங்கீகரிப்பவர்கள் யார்? ஏன் எல்லாம் சின்ன நாடுகள்?

2024 ஜனவரியில் நவுரு விலகியபோது மீதி 12: பராகுவே, குவாத்தமாலா, பெலீஸ், ஹைட்டி, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ், மார்ஷல் தீவுகள், பலாவ், துவாலு, ஆப்பிரிக்காவில் எஸ்வாட்டினி, ஐரோப்பாவில் வாடிகன்.

பெரிய நாடுகளை முன்பே இழந்துவிட்டது: 1990-ல் சவூதி அரேபியா, 1992-ல் தென் கொரியா, 1998 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா. மிஞ்சிய சின்ன நாடுகளுக்கு இந்தப் போட்டியே ஒரு வருமானம். நவுரு 1980-ல் தைபேயோடு சேர்ந்தது, 2002-ல் பெய்ஜிங்குக்குப் போனது, 2005-ல் திரும்பியது, 2024-ல் மறுபடி போனது. தைவான் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் அந்த அறிவிப்பு. வனுவாட்டு கதை இன்னும் வேடிக்கை: 2004-ல் பிரதமர் செர்ஜ் வோஹோர் தைபேயில் போய்க் கையெழுத்திட்டுவிட்டு வந்தார். அமைச்சரவை ஒப்புக்கொள்ளவில்லை, அவர் பதவியே போனது.

பெய்ஜிங்கிடம் பணம் மட்டும் இல்லை, வீட்டோவும் இருக்கிறது. மாசிடோனியா 1999 ஜனவரியில் தைபேயை அங்கீகரித்தது. அடுத்த மாதமே அங்கிருந்த ஐ.நா. அமைதிப் படையின் கால நீட்டிப்பைச் சீனா வீட்டோ போட்டு நிறுத்தியது. 2001-ல் மாசிடோனியா பெய்ஜிங் பக்கம் வந்துவிட்டது. தைபேயும் அந்த ஆயுதத்தைத் தன் கையில் இருந்தபோது எடுத்ததுண்டு: 1955-ல் மங்கோலியாவைச் சேரவிடாமல் வீட்டோ போட்டது. மங்கோலியாவும் தன்னுடையது என்பது அதன் அன்றைய வாதம்.

2008 முதல் 2016 வரை தைவான் ஜனாதிபதி மா யிங்-ஜியோ காலத்தில் இந்த இழுபறி கிட்டத்தட்ட நின்றிருந்தது. அடுத்து சாய் இங்-வென் ஜனாதிபதியாக வந்ததும் மறுபடி தொடங்கியது. பனாமா, எல் சால்வடார், சாலமன் தீவுகள், நிகரகுவா, ஹோண்டுராஸ் எல்லாம் அதன் பிறகு போனவைதான்.

வாடிகன் ஏன் இன்னும் மாறவில்லை?

ஆயர்களை யார் நியமிப்பது என்பதில் பெய்ஜிங்கோடு முழு உடன்பாடு வரவில்லை. 2018-ல் தற்காலிக ஒப்பந்தம் போட்டார்கள், புதுப்பித்தும் வருகிறார்கள். ஆனால் 1970களின் தொடக்கத்திலிருந்தே தைபேயில் வாடிகனுக்கு முழுத் தூதர் இல்லை, பொறுப்பாளர்தான்.

அங்கீகாரம் மாறினால் தூதரகக் கட்டிடம் யாருக்கு?

இங்கேதான் சட்டம் செங்கல்லும் சிமென்ட்டுமாக இறங்கி வருகிறது. நாடு ஒன்று, அரசு மாறியது என்றால், பழைய அரசின் வெளிநாட்டுச் சொத்து புதிய அரசுக்குப் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் 1978 டிசம்பரில், உறவு முறிய சில நாட்களே இருந்தபோது, வாஷிங்டனில் இருந்த ‘ட்வின் ஓக்ஸ்’ தூதர் மாளிகையைத் தைபே தரப்பினர் ஒரு நட்பு அமைப்புக்கு 10 டாலருக்கு விற்றார்கள். 1982-ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்றும் தைவானிடம்தான் இருக்கிறது. சியோலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மியோங்டோங்கில் இருந்த விலைமதிப்பான தூதரக நிலம் 1992-ல் பெய்ஜிங்குக்குப் போனது. 2021-ல் நிகரகுவாவில் தைவான் தன் தூதரகத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு அடையாள விலைக்குக் கொடுக்கப் பார்த்தது. அது செல்லாது என்று சொல்லி நிகரகுவா அரசு கட்டிடத்தைப் பெய்ஜிங்கிடம் ஒப்படைத்தது.

ஜப்பானில் க்யோட்டோவில் ஒரு மாணவர் விடுதி. அதை வைத்து 1967-ல் தைபே போட்ட வழக்கு 40 வருடம் ஓடியது. 1972-லேயே சீனாவைப் பிரதிநிதிப்படுத்தும் தகுதியை வாதி இழந்துவிட்டார் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

சரி, கடைசியில் தைவான் ஒரு நாடா?

1933 மான்டிவிடியோ ஒப்பந்தம் நான்கு அடையாளங்கள் சொல்கிறது: நிரந்தர மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பகுதி, அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். இரண்டு கோடியே முப்பது லட்சம் பேர், சொந்த ராணுவம், நாணயம், 1996 முதல் நேரடி ஜனாதிபதித் தேர்தல் என்று பார்த்தால் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் நாடுதான் என்பது ஒரு தரப்பு. ‘தனி நாடு’ என்று அதுவே முறையாக அறிவிக்கவில்லையே, சீனக் குடியரசு என்ற பெயரில்தானே இருக்கிறது என்பது மறு தரப்பு. நாடு என்று சொல்ல எல்லாத் தகுதியும் இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை என்பது என் கணிப்பு.

ஏன் அறிவிக்கவில்லை?

2005 மார்ச்சில் பெய்ஜிங் பிரிவினைத் தடைச் சட்டம் இயற்றியது. பிரிந்துபோனால் ‘அமைதியற்ற வழிகளை’ எடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அமெரிக்காவும் அறிவிப்பை விரும்பவில்லை. ‘நாங்கள் ஏற்கெனவே இறையாண்மை உள்ள நாடு, தனியாக அறிவிக்க என்ன இருக்கிறது’ என்பதே தைபே ஆளுங்கட்சியின் பதில். 2021-ல் கடவுச்சீட்டு அட்டையில் ‘தைவான்’ என்பதைப் பெரிதாக்கினார்கள், ‘சீனக் குடியரசு’ ஆங்கிலத்தில் சின்ன எழுத்தானது.

ஒலிம்பிக்கில் ‘சீனத் தைபே’ என்று ஏன்?

1981-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவோடு செய்த உடன்பாடு. தனிக் கொடி, தனிப் பாட்டு. உலக வர்த்தக அமைப்பில் பெயர் இன்னும் நீளம்: ‘தைவான், பெங்கு, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பகுதி’. 2002 ஜனவரி 1-ல், சீனா சேர்ந்து மூன்று வாரம் ஆனபின் சேர்ந்தது. அங்கே நாடாக இருக்க வேண்டியதில்லை, சுங்கப் பகுதியாக இருந்தால் போதும்.

இந்தியாவிலிருந்து தைவான் போக விசா யார் தருகிறார்கள்?

டெல்லியில் 1995 முதல் இயங்கும் தைபே பொருளாதார, கலாசார மையம். சென்னையில் 2012-ல் ஒரு கிளை திறந்தார்கள், பின்னர் மும்பையிலும். இந்தியாவுக்கு தைபேயில் ‘இந்தியா–தைபே சங்கம்’ இருக்கிறது. அதிகாரிகள் வெளியுறவுத் துறையிலிருந்து வருகிறார்கள், பெயர் மட்டும் சங்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செய்யாறில் ஃபெங் டே காலணித் தொழிற்சாலை என்று தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் நிறுவனங்களின் தாய்நாட்டோடு இந்தியாவுக்குத் தூதரக உறவு கிடையாது. இந்தியா தன் நிலையை மாற்றவில்லை. ஆனால் 2010-க்குப் பிறகு சீனாவோடு வெளியிடும் கூட்டறிக்கைகளில் ‘ஒரே சீனா’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டது.

இரண்டு சீனாவோடும் உறவு இல்லாத நாடு உண்டா?

பூடான். பெய்ஜிங்கோடு எல்லை உண்டு, எல்லைப் பேச்சு 1984 முதல் நடக்கிறது, தூதரகம் மட்டும் இல்லை. தைபேயோடும் இல்லை.